தலையாட்டினால் போதாது, வாயைத் திறங்கள்

கேள்வி: நான் திருச்சிக்காரன். பி.இ. முடித்து, அமெரிக்காவில் ஃபைனான்ஸ் முதுகலை படித்தேன். போன ஜூலையில் நியூயார்க்கில் ஒரு முதலீட்டு வங்கியில் அனலிஸ்ட்டாகச் சேர்ந்தேன். இப்போது ஓபிடி என்ற, படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதியில் இருக்கிறேன். கொடுத்த வேலையில் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்திலும் மாலை விருந்துகளிலும் சக ஊழியர்களோடு ஒட்டாமல் நிற்கிறேன். ஆறு மாத மதிப்பீட்டில் மேலதிகாரி, "வேலை நன்றாக இருக்கிறது, நீ இன்னும் பேச வேண்டும்" என்றார். உச்சரிப்பை மாற்றிக்கொள்ள வேண்டுமா? அமெரிக்கக் கால்பந்து பார்க்கப் பழக வேண்டுமா? நான் குடிப்பதில்லை, அது தடையா? இவர்களில் ஒருவனாக நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: தம்பி, உச்சரிப்பு, கால்பந்து, குடி என்று நீங்கள் அடுக்கிய மூன்றும் சின்ன விஷயங்கள். மேலதிகாரி சொன்ன ஒரு வரிதான் பெரியது. நீங்கள் அதை விருந்தில் கலகலப்பாக இருக்கச் சொன்னதாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர் கேட்பது வேறு.

உங்கள் வங்கியில் வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். அனலிஸ்ட் எக்ஸெலில் மாடல் போடுகிறார். அசோசியேட் சரிபார்க்கிறார். வைஸ் பிரசிடென்ட் பிட்ச் புக்கைத் திருத்துகிறார். கடைசியில் மேனேஜிங் டைரக்டர் அதை எடுத்துக்கொண்டு வாடிக்கையாளர் முன் போய் உட்காருகிறார். ராத்திரி இரண்டு மணிக்கு நீங்கள் போட்ட எண்ணை அவர் காலையில் தன் வாயால் சொல்கிறார். ஒவ்வொரு கட்டத்தையும் திரும்பச் சோதிக்க அவருக்கு நேரம் கிடையாது. அதனால் உங்களைப் பற்றி அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பையன் சொன்னால் நம்பலாமா? தவறு இருந்தால் முதலில் இவனே சொல்வானா? நீங்கள் மௌனமாக இருந்தால் இதற்கு விடை கிடைக்காது. விடை தெரியாத ஆளிடம் பெரிய வேலையை யாரும் ஒப்படைக்க மாட்டார்கள்.

நம் வகுப்பறைகளில் ஆசிரியர் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் மொத்த வகுப்பும் தலையாட்டும். அந்த அடக்கம் நமக்கு நல்ல பிள்ளை என்ற பெயரை வாங்கித் தந்தது. நியூயார்க் அலுவலகத்தில் அதே அடக்கம் உங்களைப் பின்வரிசையில் உட்கார வைத்துவிடும். நிதித்துறை வேலையில் ஒட்டுவது என்றால் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லி நம்பிக்கை சம்பாதிப்பது. மற்றவை தானாக வரும்.

வேலையை வாங்கும்போது

யாராவது வேலை கொடுத்தால், மேசையை விட்டு நகர்வதற்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். இது யார் பார்ப்பதற்காக? எப்போது வேண்டும்? எக்ஸெலாகவா, ஸ்லைடாகவா? இதற்கு முன் இதேபோல் செய்தது ஏதாவது இருக்கிறதா? நான்காவது கேள்விதான் அதிக நேரத்தை மிச்சப்படுத்தும். வங்கிகளில் எதுவும் வெற்றுத் தாளில் தொடங்குவதில்லை. பழைய மாதிரி ஒன்று எங்காவது இருக்கும்.

கேட்டு முடித்ததும் இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள்: நான் புரிந்துகொண்டது இது, நாளை காலை பத்து மணிக்குள் தருகிறேன். நம்முடைய தலையாட்டலை அமெரிக்கர்கள் ஆம் என்றும் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்றும் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே சொல்லிலும் எழுத்திலும் சம்மதம் சொல்லிப் பழகுங்கள்.

வேலை தாமதமாகும் என்று தெரிந்த அந்த நேரத்திலேயே சொல்லிவிடுங்கள். பத்து மணிக்குத் தர வேண்டியதைப் பத்து மணிக்கு "முடியவில்லை" என்று சொல்வது குற்றம். எட்டு மணிக்கு "பன்னிரண்டு ஆகும், இப்போதைக்கு வருவாய்ப் பக்கம் மட்டும் தயார்" என்று சொன்னால் அது தகவல். தவறும் அப்படித்தான். அனுப்பிய பிறகு ஓர் எண் தப்பாக இருப்பதைக் கண்டால், சுற்றி வளைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். எந்தப் பக்கம், எந்த எண், சரியான எண் என்ன, அதனால் வேறு எந்தப் பக்கங்கள் மாறுகின்றன என்ற நான்கையும் ஒரே மின்னஞ்சலில் எழுதித் திருத்திய கோப்பையும் இணைத்துவிடுங்கள். இப்படி ஒருமுறை செய்தால் போதும், உங்கள் அசோசியேட் உங்களை வேறு கண்ணோடு பார்ப்பார்.

மேலே உள்ளவர்களை "சார்" போடாமல் பெயர் சொல்லி அழைக்க நாக்கு கூசும். பழகிக்கொள்ளுங்கள், அங்கே அதுதான் மரியாதை. வைஸ் பிரசிடென்ட் என்ற பதவிப் பெயரைக் கேட்டு மிரளவும் வேண்டாம். அமெரிக்க வங்கிகளில் அது நடு மட்டத்துப் பதவி, ஒரே தளத்தில் அப்படிப் பலர் இருப்பார்கள்.

எண்களைச் சொல்லும் முறை

உச்சரிப்பை விட்டுவிடுங்கள். நம்மவர்கள் உண்மையில் தடுமாறுவது எண்களில். லட்சம், கோடியில் யோசித்து மில்லியனுக்கு மாற்றிச் சொன்னால் கூட்டத்தின் நடுவே சறுக்கும். ஒரு மில்லியன் பத்து லட்சம், ஒரு பில்லியன் நூறு கோடி என்பது தெரிந்தால் மட்டும் போதாது. மில்லியனிலேயே யோசிக்கப் பழக வேண்டும். எக்ஸெலில் காற்புள்ளி மூன்று இலக்கத்துக்கு ஒருமுறை விழும்படி அமைத்துக்கொள்ளுங்கள். 03/04 என்று எழுதியிருந்தால் அங்கே மார்ச் 4. ஏப்ரல் 3 என்று நீங்கள் படித்துவிட்டால் ஒரு மாதம் பிசகிவிடும். தொலைபேசி எண்ணில் "டபுள் ஃபைவ்" என்று சொல்லாமல் "ஃபைவ் ஃபைவ்" என்று சொல்லுங்கள்.

உங்களுக்குத் தெரிந்து பக்கத்து மேசைக்காரருக்குத் தெரியாத சங்கதிகளும் உண்டு. இந்திய நிறுவனத்தின் 2025 நிதியாண்டு 2024 ஏப்ரலில் தொடங்கி 2025 மார்ச்சில் முடிகிறது. பெரும்பாலான அமெரிக்க நிறுவனங்களின் கணக்கு டிசம்பரோடு முடிகிறது. இரண்டையும் ஒரே ஒப்பீட்டு அட்டவணையில் அப்படியே போட்டால் படம் கோணலாகும். 2024 காலண்டர் ஆண்டுக்கு ஏறக்குறைய ஈடான எண் வேண்டுமானால், 2024 நிதியாண்டில் கால் பங்கும் 2025 நிதியாண்டில் முக்கால் பங்கும் எடுத்துக் கூட்ட வேண்டும். இன்போசிஸையோ டிசிஎஸ்ஸையோ வைத்து யாராவது ஒப்பீடு போட்டால், நீங்கள் வாய் திறக்க வேண்டிய இடம் அது.

கூட்டத்தில் பேசுவதற்கும் இதுதான் வழி. போகும் முன் பொருளைப் படித்து ஒரு கேள்வியோ ஒரு தகவலோ எழுதிவைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிடங்களுக்குள் அதைச் சொல்லிவிடுங்கள். நேரம் போகப் போக வாய் திறப்பது கடினமாகும். முதலில் முடிவைச் சொல்லுங்கள், காரணத்தைப் பிறகு சொல்லுங்கள். கதையை அடியிலிருந்து தொடங்குவது நம் பழக்கம், அங்கே அதற்குள் அடுத்த ஆள் பேசத் தொடங்கிவிடுவார். வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் முடித்துப் பேசுங்கள். வேகம் குறைந்தால் உச்சரிப்புச் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

உங்கள் பெயர்

தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் கடைசிப் பெயராக ஏறியிருந்தால், மின்னஞ்சலில் அப்பாவைக் கூப்பிடுவதுபோல் உங்களைக் கூப்பிடுவார்கள். குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாக இருந்திருந்தால் விசாவில் முதல் பெயராக "எஃப்என்யு" என்று அச்சாகியிருக்கும். முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்குப் பொருள். சிலரை அலுவலகத்தில் உண்மையாகவே "ஃப்னூ" என்று அழைத்திருக்கிறார்கள்.

ஹெச்ஆர் கணினியில் விருப்பப் பெயர் என்று ஒரு கட்டம் பெரும்பாலும் இருக்கும். கூப்பிட வேண்டிய பெயரை அதில் போடுங்கள். ஆனால் சம்பளம், சோஷியல் செக்யூரிட்டி, பின்னணிச் சோதனை, தரகுத் துறைக் கண்காணிப்பு அமைப்பான ஃபின்ராவின் எஸ்ஐஇ, சீரிஸ் 79 போன்ற தேர்வுகள் ஆகிய எல்லாவற்றிலும் ஆவணத்தில் உள்ள பெயரே ஒரே மாதிரி இருக்கட்டும். பெயரைச் சுருக்குவது உங்கள் விருப்பம். அவர்கள் வாய்க்கு வராது என்பதற்காக வேறு பெயர் சூட்டிக்கொள்ளத் தேவையில்லை. இரண்டு முறை நிதானமாகச் சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொள்வார்கள்.

சாப்பாடு, குடி, விளையாட்டு

குடிக்காதது தடையே இல்லை. விருந்துக்குப் போகாததுதான் தடை. போங்கள், எலுமிச்சை போட்ட சோடா வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு மணி நேரம் இருங்கள், மூன்று பேரிடம் பேசுங்கள், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஏன் குடிப்பதில்லை என்று விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. சைவம் என்றால் ஏற்பாடு செய்பவரிடம் முன்கூட்டியே ஒரு வரி சொல்லிவிடுங்கள். வீட்டிலிருந்து சாம்பார் சாதம் கொண்டுபோகலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை. பொது மைக்ரோவேவில் மீன் சூடுபண்ணுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள், எந்த நாட்டுக்காரர் செய்தாலும் அங்கே முகம் சுளிப்பார்கள்.

விளையாட்டில் எல்லாம் தெரிந்தவர்போல் நடிக்க வேண்டாம். செப்டம்பரில் தொடங்கி பிப்ரவரி சூப்பர் பௌலில் முடிகிற கால்பந்துப் பருவத்தில், "எனக்கு இந்த ஆட்டம் தெரியாது, யாரை ஆதரிக்கலாம்?" என்று கேளுங்கள். விசிறி ஒருவருக்கு அதைவிட இனிக்கும் கேள்வி கிடையாது. மார்ச் மாதக் கல்லூரிக் கூடைப்பந்துக்கு அலுவலகத்தில், எந்த அணி வெல்லும் என்று கணிக்கும் பிராக்கெட் போட்டி வைத்தால் நிரப்பிக் கொடுங்கள், விளையாட்டு தெரியாதவர்களும் நிரப்புவார்கள். உங்கள் பக்கத்திலும் கதை உண்டு. 2024 ஜூனில் டி20 உலகக் கோப்பையின் இந்தியா-பாகிஸ்தான் ஆட்டம் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் நடந்தது. அதே தொடரில் டல்லாஸ் அருகே பாகிஸ்தானை வீழ்த்திய அமெரிக்க அணிக்கு சூப்பர் ஓவர் வீசியவர் மும்பையில் பிறந்த சாஃப்ட்வேர் பொறியாளர் சௌரப் நேத்ராவல்கர். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் வருகிறது. தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற அமெரிக்கர்கள் உங்கள் தளத்திலேயே இருப்பார்கள்.

தமிழரும் தெலுங்கரும் கூடிச் சாப்பிடுவதில் தவறில்லை. மூன்றாவது ஆள் வந்து உட்கார்ந்ததும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுங்கள். வாரத்தில் ஒரு மதியமாவது வேறு குழுவில் உள்ள ஒருவரோடு இருபது நிமிடம் காபி குடியுங்கள். அவர் என்ன செய்கிறார், இந்த வேலைக்கு எப்படி வந்தார் என்று கேளுங்கள். அடுத்த வாய்ப்பு பெரும்பாலும் இப்படிப்பட்ட அறிமுகத்தில்தான் பிறக்கிறது.

விசாவைப் பற்றி வாய் திறங்கள்

பலர் விசாவை ஒரு குறைபாடுபோல் மறைத்து வைக்கிறார்கள். கடைசி மாதத்தில் சொன்னால் எந்த மேலதிகாரியாலும் உதவ முடியாது. ஓபிடி 12 மாதம். உங்கள் பட்டம் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் சார்ந்த ஸ்டெம் பட்டியலில் இருந்தால் மேலும் 24 மாதம். பட்டத்தின் பெயரை வைத்து முடிவுகட்டாமல் கல்லூரி தந்த ஐ-20 படிவத்தில் உள்ள குறியீட்டு எண்ணைப் பாருங்கள். பொது ஃபைனான்ஸுக்கு உரிய 52.0801 ஸ்டெம் அல்ல, நிதிக் கணிதத்துக்கு உரிய 27.0305 ஸ்டெம். நீட்டிப்புக்கு, ஓபிடி முடிவதற்கு 90 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஊழியர்களின் வேலை அனுமதியைச் சரிபார்க்கும் ஈ-வெரிஃபை திட்டத்தில் உங்கள் வங்கி இருக்க வேண்டும்.

அப்போது ஐ-983 என்ற பயிற்சித் திட்டப் படிவத்தை நீங்களும் நிறுவனமும் சேர்ந்து நிரப்ப வேண்டும். என்ன கற்பீர்கள், யார் மேற்பார்வை, எப்படி மதிப்பிடுவார்கள் என்று அதில் எழுத வேண்டும். பலர் இதை அரசாங்கக் காகிதமாக நினைத்துப் பழைய வாசகங்களை ஒட்டிவிடுகிறார்கள். நீங்கள் அதை மேலதிகாரியோடு உட்கார்ந்து நிரப்புங்கள். அடுத்த ஆண்டு எந்த வகை டீலில் வேலை செய்ய ஆசை என்று சொல்ல அதைவிட இயல்பான தருணம் கிடைக்காது.

ஹெச்-1பி வேலை விசா ஆண்டுக்கு 65,000, அமெரிக்க முதுகலைப் பட்டம் உள்ளவர்களுக்குக் கூடுதலாக 20,000. பதிவு மார்ச்சில், வேலைத் தொடக்கம் அக்டோபர் 1. ஆகவே ஜனவரியிலேயே ஹெச்ஆரிடம் கேளுங்கள்: இந்த ஆண்டு எனக்குப் பதிவு செய்வீர்களா, கிடைக்காவிட்டால் லண்டன், டொராண்டோ, சிங்கப்பூர் அலுவலகத்துக்கு மாற்றும் வழக்கம் உண்டா? வெளிநாட்டுக் கிளையில் தொடர்ந்து ஓராண்டு வேலை செய்தவர், தகுதியான பதவியாக இருந்தால், எல்-1 விசாவில் திரும்பி வர வழி இருக்கிறது. 2025 செப்டம்பரில் வந்த ஒரு லட்சம் டாலர் கட்டண அறிவிப்புக்குப் பிறகு விதிகள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. வாட்ஸாப் பார்வர்டை நம்பாமல் நிறுவனத்தின் குடிவரவு வழக்கறிஞரிடமும் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்திலும் கேளுங்கள்.

வாயை மூட வேண்டிய இடங்கள்

இதுவரை பேசுங்கள் என்றேன். இனி பேசக் கூடாத இடம். நம் பிள்ளைகள் வழுக்கி விழுவது இங்கேதான், விழுந்தால் எழுவது கஷ்டம்.

முதலாவது வாட்ஸாப். நம் வாழ்க்கையே அதில் ஓடுகிறது. அலுவலக விஷயத்தை அதில் ஒரு வரிகூட எழுதாதீர்கள். வணிகத் தகவல் பரிமாற்றங்களைப் பதிவுசெய்து வைப்பது நிறுவனங்களின் சட்டக் கடமை. அதில் தவறியதற்காக 2021 டிசம்பரில் ஜேபி மோர்கனின் பங்குத் தரகுப் பிரிவு, பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையமான எஸ்ஈசிக்கு 12.5 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது. 2022 செப்டம்பரில் 16 வால் ஸ்ட்ரீட் நிறுவனங்கள் எஸ்ஈசிக்கு மட்டும் 110 கோடி டாலருக்கு மேல் கட்ட ஒப்புக்கொண்டன. மேலதிகாரியே வாட்ஸாப்பில் கேட்டாலும் அலுவலக மின்னஞ்சலில் பதில் அனுப்புங்கள்.

இரண்டாவது, தெரிந்தவர்கள். "எந்த ஷேர் வாங்கலாம்?" என்று மாமா கேட்பார். கூடப் படித்தவன் "நீ என்ன டீலில் இருக்கிறாய்?" என்பான். இரண்டுக்கும் ஒரே பதில்தான்: இதைப் பற்றிப் பேச எனக்கு அனுமதி இல்லை. கொழும்பில் பிறந்த தமிழரான ராஜ் ராஜரத்தினம் கேலியன் என்ற ஹெட்ஜ் ஃபண்டை நடத்தியவர். அவருக்கு ரகசியத் தகவல் கொடுத்தவர்களில் இருவர் வார்ட்டனில் அவரோடு படித்தவர்கள். மெக்கின்ஸியின் முன்னாள் தலைவர் ரஜத் குப்தா, 2008 செப்டம்பர் 23 அன்று கோல்ட்மேன் சாக்ஸ் இயக்குநர் கூட்டம் முடிந்த கையோடு ராஜரத்தினத்துக்குத் தொலைபேசியில் பேசினார். வாரன் பஃபெட்டின் 500 கோடி டாலர் முதலீட்டுக்கு அந்தக் கூட்டம்தான் ஒப்புதல் கொடுத்திருந்தது. ராஜரத்தினத்துக்கு 11 ஆண்டு, குப்தாவுக்கு இரண்டு ஆண்டு சிறை. இரண்டு வழக்குகளையும் நடத்திய அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் அன்றைய தலைவரும் இந்தியாவில் பிறந்தவர்தான், பெயர் ப்ரீத் பராரா. தோழமையும் நன்றிக்கடனும் நம்மிடம் உயர்ந்த குணங்கள். தகவல் கைமாறும் இடத்தில் அவற்றுக்கு வேலை இல்லை.

மூன்றாவது, உங்கள் சொந்த முதலீடு. ஊரில் உள்ள டிமேட் கணக்கு, அப்பாவோடு சேர்ந்து வைத்திருக்கும் கணக்கு எல்லாவற்றையும் காம்ப்ளையன்ஸ் பிரிவிடம் தெரிவித்துவிடுங்கள். எதை வாங்க முன் அனுமதி வேண்டும், வாங்கியதை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேலி எல்லை மீறினால்

உச்சரிப்பு புரியாமல் திரும்பச் சொல்லக் கேட்பது கேலி அல்ல. உங்களைப்போல் பேசிக் காட்டிச் சிரிப்பதும், ஊரைச் சொல்லி மட்டம் தட்டுவதும், விசாவைக் காட்டி மிரட்டி வேலை வாங்குவதும் வேறு. அவற்றைப் பொறுத்துப் போகச் சொல்ல மாட்டேன். நாள், நேரம், சொன்ன சொல், உடனிருந்தவர் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். முதல்முறை நேரடியாக, அமைதியாக, "இது எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்லுங்கள். தொடர்ந்தால் ஹெச்ஆருக்கு எழுத்தில் கொடுங்கள். 1964-ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டம் பிறந்த நாட்டை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. அமெரிக்காவில் வேலை செய்யும் குடியுரிமை இல்லாதவருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. நியூயார்க்கில் வேலை செய்பவர், சம்பவம் நடந்த 300 நாட்களுக்குள் இஇஓசி என்ற ஆணையத்திடம் புகார் கொடுக்கலாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

மேலதிகாரியிடம் பதினைந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். "பேச வேண்டும் என்றீர்கள். எந்தக் கூட்டத்தில், எதைப் பற்றிப் பேச வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பொதுவாகச் சொன்ன குறை அப்போது செய்யக்கூடிய வேலையாக மாறும். அவர் சொன்னதை எழுதி வைத்து ஒரு மாதம் செய்யுங்கள், பிறகு திரும்பப் போய், "இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். திரும்பப் போய்க் கேட்பவர்கள் குறைவு, அதனாலேயே அவர்கள் நினைவில் நிற்பார்கள்.

முதல் சில வாரங்கள் நெஞ்சு படபடக்கும். குரல் கம்மும், சொல்ல வந்த வார்த்தை வராது. விடாதீர்கள். நீங்கள் கடல் கடந்து படித்து, தேர்வெழுதி, நேர்காணல் தாண்டி வாங்கிய நாற்காலி அது. யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததல்ல. அந்த மேசையில் உட்காரும் உரிமை ஏற்கெனவே உங்களுடையது. அங்கிருந்து பேசுவதும் உங்கள் வேலையில் ஒரு பகுதி, அதற்கும் சேர்த்துத்தான் உங்களுக்குச் சம்பளம் தருகிறார்கள்.